ஸ்டார் இருக்கட்டும், சம்பளம் எவ்ளோ?

கேட்டரிங் படிக்கிற பசங்களுக்கு மிஷெலின்னா ஹோட்டலுக்குக் கொடுக்குற ஸ்டார். எங்க தேர்வாய் கண்டிகையில மிஷெலின்னா டயர் ஃபேக்டரி. ரெண்டும் ஒரே கம்பெனி தாங்க!

ஃபேக்டரி வேலைக்குப் போறவன் பேசிக் எவ்ளோ, ஓவர்டைம் எவ்ளோன்னு கேட்டா யாரும் முறைக்கிறதில்லை. படிச்சு முடிச்சு ஹோட்டல் கிச்சனுக்குப் போறவன் கேட்டா மட்டும், "முதல்ல தொழிலைக் கத்துக்கோ தம்பி"ங்கிறாங்க. அப்ப ஃபீஸ் கட்டிப் படிச்சது என்னவாம்?

பெரிய இடம்னா ஓசியிலேயே உழைக்கலாம்னு வேற அட்வைஸ். கோபன்ஹேகன்ல மூணு ஸ்டார் வாங்கின நோமாவே, 2022 அக்டோபர்ல இருந்து இன்டர்ன்களுக்குச் சம்பளம் கொடுக்க ஆரம்பிச்சுது. நம்மூர் முதலாளிக்கு என்ன கேடு?

"சாப்பாடு, ரூம் ஃப்ரீ"ன்னு சொன்னா மயங்கிடாதீங்க. ராத்திரி பன்னெண்டு வரைக்கும் வேலை வாங்கணும்னா பக்கத்துலயே படுக்க வெச்சுக்கிறது அவங்க வசதிக்குத் தான். 2025 நவம்பர் 21-ல அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, கூடுதல் நேரத்துக்கு ரெட்டைச் சம்பளம்னு சொல்லுது. அதனால சேர்றதுக்கு முன்னாடியே கேளுங்க: எத்தனை மணி நேரம்? வார லீவு உண்டா? பிடித்தம் போக கையில எவ்ளோ வரும்? பதிலை எழுத்துல வாங்குங்க.

அடுத்த ஹோட்டல்காரன் முதல் கேள்வியே "பழைய சம்பளம் எவ்ளோ?" தான். இன்னிக்கு வாயை மூடிக்கிட்டா நாளைக்கும் அதே கதி.

கேட்டா வேலை கிடைக்காதுன்னு சொல்றவங்க பின்னூட்டத்துக்கு வாங்க, பேசுவோம் :-)