ஓய்வூதியத்திற்கு ஒரு தேதிக்கோடா?

உழைத்த காலத்தில் ஒரே பணி. ஓய்ந்த காலத்தில் இரு நீதியா? 1979 மார்ச் 31க்கு முன் ஓய்வுபெற்ற மத்திய அரசு ஊழியர்க்குப் புதிய, தாராளக் கணக்கீடு இல்லை என்றது அன்றைய அரசு. ஒரு நாள் முந்தி ஓய்ந்தவர்க்குக் குறைவு. பிந்தி ஓய்ந்தவர்க்குக் கூடுதல்! 1982 டிசம்பர் 17இல் நகரா வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அக்கோட்டினை அழித்தனர். ஓய்வூதியம் ஆள்வோர் இடும் கருணைக் கொடையன்று, உழைப்பாளியின் உரிமை என்றனர். அரசியல் சட்டத்தின் 14ஆம் பிரிவு தரும் சமத்துவம் முதுமைக்கும் உண்டென நிலைநாட்டினர்.

அழிந்த கோட்டினை மீண்டும் வரைய வந்தது 2025ஆம் ஆண்டின் நிதிச் சட்டம். ஓய்வுபெற்ற நாளைக் கொண்டு ஓய்வூதியரை வகைப்படுத்தும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு என்கிறது அது. வழக்கு மன்றத்தில் இழந்ததை வாக்கு எண்ணிக்கையால் மீட்பதோ?

கருவூலச் சுமை என்பர். சுமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வயது முதிர்ந்து, மருந்துச் செலவு மிகுந்தவர் தோளிலா அதை முதலில் ஏற்றுவது?

இளையவர்க்கும் ஒரு கோடு உண்டு. 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியேற்றோர், முப்படையினர் நீங்கலாக, பழைய ஓய்வூதியத்தையே இழந்தனர்.

தோழர்களே! இவ்விரு தலைமுறையையும் எதிரெதிரே நிறுத்துவோரிடம் ஏமாறாதீர். தந்தையின் தட்டில் குறைப்பது மகனின் தட்டை நிரப்பாது. தேதி பார்த்து அளக்கும் தராசு நீதியின் தராசன்று!