தண்ணீருக்கும் ஒரு பிரேக்டவுன் வண்டி வேண்டும்

டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, வேலையின் பெரும்பகுதியை மகாராஷ்டிரத்திலேயே கழித்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே கற்ற பெரிய பாடம்: விபத்து நடந்த பிறகு உட்கார்ந்து யோசிக்கக் கூடாது.

யார்டில் ஒரு வண்டி எப்போதும் தயாராக நிற்கும். பிரேக்டவுன் வண்டி என்போம். சைரன் ஊதினால் பகலில் 30 நிமிடத்தில், இரவில் 45 நிமிடத்தில் அது புறப்பட்டாக வேண்டும். போதாவிட்டால் பக்கத்து டிவிஷன் வண்டியும் வரும். "செலவு யார் கணக்கில்?" என்று கேட்டுக்கொண்டு யாரும் நிற்பதில்லை. கணக்கெல்லாம் பிறகுதான்.

குடிநீருக்கு இப்படி ஓர் ஏற்பாடு நம் நகரங்களில் உண்டா?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் காலனிக்கு வரும் பெரிய குழாய் வெடித்தது. மாற்றுக் குழாய் கிடங்கில் இல்லை. சாலைக்கு அந்தப் பக்கம் வேறு நிர்வாகம். அவர்களிடம் அதே அளவுக் குழாய் இருந்தது. கடிதம் போய், கையெழுத்தாகி, குழாய் வர நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளும் என் மனைவி மூன்று மாடிக்குக் குடம் சுமந்தாள். அந்த அதிகாரி நல்லவர்தான். கொடுக்க அவர் கையில் உத்தரவு இல்லை, அவ்வளவே.

2016 ஏப்ரலில் வறண்டு கிடந்த லாத்தூருக்கு, சுமார் 340 கி.மீ. தள்ளியிருந்த மீரஜிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது. முதல் வண்டியில் 10 வேகன், 5 லட்சம் லிட்டர். பிறகு 50 வேகன், 25 லட்சம் லிட்டர். ரயில்வேக்காரன் என்ற முறையில் எனக்குப் பெருமைதான். ஆனால் வேகன்களை ராஜஸ்தானின் கோட்டாவில் நீராவியால் கழுவிக் கொண்டுவர வேண்டியிருந்தது. மே மாதமே சுமார் 4 கோடி ரூபாய் பில் பற்றிய பேச்சும் எழுந்தது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னை வில்லிவாக்கத்துக்கும் இவ்வாறே 25 லட்சம் லிட்டர் வண்டி ஓடியது. இரண்டுமே தாகம் முற்றிய பிறகு செய்தவை.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1989-இல் பூகம்பம். 1991-இல் ஓக்லாந்து மலைப்பகுதியில் பெருந்தீ. 25 பேர் மாண்டனர். உதவிக்கு ஓடிவந்த வெளியூர் தீயணைப்பாளரின் குழாய் முனை இரண்டரை அங்குலம். ஓக்லாந்தின் தெருக்குழாய் முனை மூன்று அங்குலம். நேராக மாட்ட முடியவில்லை! 1992-இல் அங்குள்ள குடிநீர் நிறுவனங்கள், ஆபத்தில் ஒன்றுக்கொன்று ஆளும் பம்பும் அனுப்புவதாக முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொண்டன. பிற மாநிலங்களும் பின்பற்றின.

இதற்குப் பெரிய செலவு ஆகாது. அடுத்தடுத்த நகரங்கள் ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதிக் கையெழுத்திட்டால் போதும்: யாரிடம் என்ன குழாய், பம்பு, ஜெனரேட்டர் உள்ளது, நள்ளிரவில் யாரைக் கூப்பிடுவது, முனைகள் பொருந்துமா, செலவை எப்படித் திருப்புவது. ஆண்டுக்கு ஒருமுறை ஒத்திகையும் வேண்டும். நாங்கள் பொய்ச் சைரன் ஊதிப் பார்ப்போமே, அதுபோல.

நாம் பிழைக்க வந்த ஊர் இது. குடிப்பதும் இந்த ஊர்த் தண்ணீரே. வார்டு உறுப்பினர் ஓட்டுக் கேட்டு வரும்போது, "குழாயில் தண்ணீர் வருமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "நின்றுபோனால் யார் வருவார், எத்தனை மணி நேரத்தில்?" என்றும் கேளுங்கள். பதில் இல்லையென்றால், நம் சங்கத்தின் பெயரில் ஒரு மனு எழுத நான் தயார். கையெழுத்துப் போட நீங்கள் தயாரா?