ஊர்ப் பெயரை வெட்டாத நிரல்

கடலூரிலிருந்து வடலூர் செல்லும் பெருஞ்சாலையில், நெய்வேலிக்குக் கிழக்கே இருக்கும் குள்ளஞ்சாவடியின் பெயரில் 7 எழுத்துகள் உண்டென்று தமிழ் படிக்கத் தொடங்கிய பிள்ளையும் விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடும். ஆனால் இணையதளங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் அதே பெயரின் நீளத்தை வழக்கமான முறையில் கேட்டால் 12 என்று விடை வருகிறது. யூனிகோடில் 'கு' என்பது ஓரெழுத்தாக இடம் பெறாமல், ககரமும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகளாகவும், 'ள்' என்பது ளகரமும் புள்ளியுமாகவும் பதிவாவதே இதற்குக் காரணம். இதை அறியாத ஒருவர், விண்ணப்பப் படிவத்தில் ஊர்ப் பெயருக்கு 10 எழுத்துகள் போதும் என்று எண்ணி, அதற்கு மேற்பட்டதை வெட்டிவிடும் இரண்டு வரி நிரலை எங்கிருந்தோ எடுத்து ஒட்டிவைத்தால், 'குள்ளஞ்சாவ' என்பதோடு பெயர் முடிந்துபோகும்.

தேதியை நம் வழக்கப்படி மாற்றிக் காட்டுவதற்கும், பட்டியலை வரிசைப்படுத்துவதற்கும், கைபேசி எண்ணைச் சரிபார்ப்பதற்கும், இரவுதோறும் டேட்டாபேஸை பேக்கப் எடுப்பதற்கும் ஆயத்தமான சிறு ஸ்கிரிப்ட்களை வைத்துக்கொள்வது வெப் டெவலப்பர்களின் நெடுநாள் வழக்கம். அதைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஊர்ப் பொதுக்கிணறு இருக்கையில் வீட்டுக்கு வீடு கிணறு தோண்டுவது வீண் சிரமமே. ஆயினும் அத்துணுக்குகளில் பெரும்பாலானவை ஆங்கிலப் பெயர்களை மட்டுமே மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு குறியீடு என்றிருப்பதால் அவற்றின் குறை அங்கே வெளிப்படுவதில்லை, தமிழுக்கு வந்ததும் பிரத்தியட்சமாகிறது.

வரிசைப்படுத்தலையே எடுத்துக்கொள்வோம். கனகா, கமலா என்னும் இரு மாணவிகளின் பெயர்களைச் சாதாரண 'சார்ட்' கட்டளையிடம் ஒப்படைத்தால் கனகா முன்னே வந்து நிற்பாள். ஏனெனில் யூனிகோட் அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்து, பகர மகரங்களுக்கு முன்பே, வைக்கப்பட்டிருக்கிறது. நம் நெடுங்கணக்கிலோ பதினெட்டு மெய்களில் கடைசியாக நிற்பது 'ன்'. தமிழுக்கென்று சொல்லி 'கொலேட்டர்' என்னும் ஒப்பீட்டுக் கருவியை அழைத்தால் கமலா முறைப்படி முன்னால் வந்துவிடுகிறாள். ஒரே வரியில் முடியும் திருத்தம் இது. எழுத்தெண்ணுவதற்கு 'செக்மென்டர்' என்றொரு கருவி 2024 முதல் முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. அது குள்ளஞ்சாவடிக்கு 7 என்றே விடை தருகிறது.

இவற்றினும் மனத்தை வருத்துவது பெயர்ச் சரிபார்ப்பு. 'எழுத்துகள் மட்டுமே அனுமதி' என்ற நிபந்தனையை யூனிகோட் முறைப்படி எழுதுகிறவர்கூட, உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் அந்தப் பகுப்பில் எழுத்து இனத்தைச் சேராமல் துணைக்குறிகள் என்னும் வேறு இனத்தில் நிற்பதை மறந்துவிட்டால், தன் பெயரைப் பிழையின்றித் தமிழில் எழுதிய மூதாட்டியிடம் அப்பெயர் செல்லாது என்று திரை சொல்லும். துணைக்குறிகளையும் ஏற்குமாறு நிபந்தனையில் நாலைந்து குறிகள் கூடுதலாகச் சேர்க்காத அசிரத்தையால், தாய்மொழியில் விண்ணப்பிக்க வந்தவரை ஆங்கிலத்துக்குத் திருப்பி அனுப்புவது அநியாயம் என்பதே என் அபிப்பிராயம்.

இத்துறையில் உழைத்தவர்கள் இல்லாமலில்லை. முத்து அண்ணாமலையும் அவருடைய தோழர்களும் உருவாக்கிய 'ஓப்பன் தமிழ்' என்னும் பைத்தான் நிரல் தொகுப்பு தமிழ்ச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தருகிறது; த. சீனிவாசன் முதலியோர் நடத்தும் 'கணியம்' கட்டற்ற மென்பொருள்களைத் தமிழிலேயே விளக்கி வருகிறது. தமிழக அரசும் 2010-இல் யூனிகோடைத் தன் தர நிர்ணயமாக ஏற்றது. ஆனால் குறியீட்டை நிர்ணயித்ததோடு காரியம் முடிந்துவிடவில்லை. வெட்டுதல், வரிசைப்படுத்தல், தேடல், சரிபார்ப்பு ஆகிய அன்றாட வேலைகளுக்குச் சோதித்துப் பார்த்த துணுக்குகளைத் தமிழ் விளக்கத்தோடு அரசே தொகுத்து எவரும் எடுத்தாளும்படி வெளியிட வேண்டும். அரசுத் தளங்களைக் கட்டும் ஒப்பந்தக்காரர்கள் அவற்றின்படி சோதனை செய்து காட்டிய பின்னரே பணம் பெற வேண்டும்.

சோதனைக்குரிய பெயர்களைக் கடலூர் மாவட்டத்தின் எல்லைக்குள்ளேயே திரட்டிவிடலாம். கொள்ளிடத்தின் 'கொ'வில் உள்ள ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் வரலாம், எகரக் குறியும் காலுமாகப் பிரிந்தும் வரலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் தேடும்போது ஒன்று மற்றொன்றுக்கு அகப்படாது. 'நார்மலைஸ்' கட்டளை இதைத் தீர்த்துவிடும். ஸ்ரீமுஷ்ணம் அவ்வளவு எளிதன்று. அதன் முதலெழுத்தை 'ஸ'வைக் கொண்டும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ'வைக் கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகவே தோன்றும். இங்கே 'நார்மலைஸ்' உதவாது; ஒன்றை மற்றொன்றாக மாற்றும் வரியைத் தமிழறிந்த ஒருவர்தாம் எழுதிச் சேர்க்க வேண்டும்.