26 ஆயிரம் ரூபாய் வண்டிக்கு எந்த இன்ஷூரன்ஸ்?

(இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழுவில் கேட்டார்கள். கவிதை எனக்கு வராது. காதலைப் பற்றி எழுத நம் டிபார்ட்மெண்டிலேயே ஆள் அதிகம். எனக்குத் தெரிந்தது வண்டி. அதிலும் பழைய வண்டி. ஆகவே பழைய வண்டிக்கு இன்ஷூரன்ஸ் போடுவதைப் பற்றி எழுதுகிறேன். "இதெல்லாம் ஒரு சப்ஜெக்டா?" என்று பக்கத்தைத் திருப்பப் போகிறவர்கள், கடைசியாக யாரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனீர்கள் என்று மட்டும் யோசித்துவிட்டுத் திருப்புங்கள்.

முதலாண்டு முடிந்த லீவில் 2015 மாடல் ஸ்ப்ளெண்டர் ஒன்று வாங்கினேன். 26,000 ரூபாய். பாதி அப்பா கொடுத்தது, மீதி நான் லேத் பட்டறையில் லீவு நாள் வேலை பார்த்துச் சேர்த்தது. ஆர்.சி. புக் அப்பா பெயரில். இன்ஷூரன்ஸ் போடும் அண்ணன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "தம்பி, இந்த வண்டிக்கு எதுக்குப் பெரிய பாலிசி? தேர்டு பார்ட்டி போதும். போலீஸ் கேட்டா காட்டலாம்" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வண்டி விலையே இவ்வளவுதானே!

இன்றைக்கும் ஸ்டாண்டில் நிற்கும் யாரைக் கேட்டாலும் இதே பதில்தான் சொல்வார்கள். மெக்கானிக் சொல்வார், மாமா சொல்வார், சீனியர் சொல்வார். மலிவு வண்டிக்கு மலிவுப் பாலிசி. இந்தக் கணக்கு தப்பு என்பதுதான் என் கட்சி. வண்டியின் விலையை வைத்துப் பாலிசியை முடிவு செய்யக்கூடாது. யார் ஓட்டுகிறார்கள், யார் பின்னால் உட்காருகிறார்கள் என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நடந்ததைச் சொல்கிறேன்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். நானும் என் வகுப்புத் தோழனும் ஐந்து ரோட்டில் இருந்து ஓமலூர் ரோட்டில் வந்துகொண்டிருந்தோம். அவன் பெயர் வேண்டாம், படிக்கிறவர்களுக்குத் தெரியும். வேகம் நாற்பதுதான் இருக்கும். நாய் ஒன்று குறுக்கே பாய்ந்தது. பிரேக் பிடித்தேன், பின் சக்கரம் இழுத்துக்கொண்டு போனது. எனக்கு முழங்கையில் தோல் உரிந்ததோடு சரி. அவனுக்கு வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. வண்டிக்கு என்ன ஆச்சு என்று கேட்கிறீர்களா? ஹேண்டில்பார் வளைந்தது, ஹெட்லைட் டூம் உடைந்தது, ஃபுட்ரெஸ்ட் மடங்கியது. 2,400 ரூபாயில் முடிந்தது.

பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' என்ற தமிழக அரசின் திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. விபத்து நடந்து முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆபரேஷன் செய்து ராடு வைத்தார்கள். டாக்டர்களும் நர்சுகளும் நன்றாகவே பார்த்தார்கள். ஆனால் கால் எலும்பு 48 மணி நேரத்தில் சேர்ந்துவிடுமா? நாலு மாதம் ஆனது. ஆட்டோ, மருந்து, பிசியோதெரபி. வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கும் அவன் அப்பாவுக்கு எத்தனை நாள் கூலி போனது என்று அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. அந்த செமஸ்டரை அவனால் எழுத முடியவில்லை. ஓசூர் கம்பெனி ஒன்று கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வந்தபோது அவன் கட்டிலில் கிடந்தான். எங்கள் வீட்டில் அம்மாவின் தோட்டை அடகு வைத்து 22,000 கொடுத்தோம். அவன் அம்மா வாங்கமாட்டேன் என்றார்கள். "நீ என்ன கண்ணு வேணும்னா செஞ்ச?" என்று கேட்டார்கள். அதற்குத் திட்டியிருந்தாலே நன்றாக இருந்திருக்கும்.

அவனுடைய சித்தப்பா ஒருவர், "வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்குல்ல? கேஸ் போட்டா கம்பெனி கொடுத்துட்டுப் போகுது" என்று வக்கீலிடம் கூட்டிப் போனார். நானும் பாலிசிப் பேப்பரை எடுத்துக்கொண்டு கூடவே போனேன். வக்கீல் முதல் பக்கத்தைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இது லயபிலிட்டி ஒன்லி. பின்னால உட்கார்ந்தவருக்கு இதுல கவர் இல்ல. கேஸ் ஜெயிச்சாலும் கம்பெனி கட்டாது, வண்டி ஓனரும் ஓட்டின பையனும்தான் கட்டணும். இந்தத் தம்பிகிட்டயும் இவங்க அப்பாகிட்டயும்தான் வாங்கணும், பரவாயில்லையா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

யாரும் பேசவில்லை. வெளியே வந்து டீ குடித்தோம். கேஸ் போடவில்லை.

அன்றிலிருந்து இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 146-ன்படி தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் கட்டாயம். இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய், அடுத்த தடவை 4,000 ரூபாய் அபராதம். மூன்று மாதம் வரை சிறைக்கும் இடம் உண்டு. இது நமக்குத் தெரியும். ஆனால் யார் அந்த 'தேர்டு பார்ட்டி'? ரோட்டில் நடந்து போகிறவர், சைக்கிளில் போகிறவர், எதிர் வண்டிக்காரர். அவர்களுக்கு நம் வண்டியால் சாவோ காயமோ ஏற்பட்டால் தொகைக்கு உச்சவரம்பு இல்லாமல் கம்பெனி பொறுப்பு. பின் சீட்டில் இருக்கும் நம் நண்பன் அந்தப் பட்டியலில் வரமாட்டான். ஸ்கூட்டரில் பின்னால் போனவர் இறந்த வழக்கு ஒன்றில், சட்டப்படி கட்டாயமான பாலிசி மட்டும் இருந்தால் பின்னால் இருந்தவருக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் சொல்லிவிட்டது; 2008-ல் இன்னொரு வழக்கிலும் அதையே சொன்னது. எதிரே வந்த லாரிக்காரர் மேல் தப்பு என்றால் அந்த லாரியின் இன்ஷூரன்ஸில் கேட்கலாம். நாய், பள்ளம், மணல், நம் அவசரம்... இவற்றுக்கு யாரிடம் போய்க் கேட்பது?

பேக்கேஜ் பாலிசி, அதாவது காம்ப்ரிஹென்சிவ் என்கிறோமே, அதில் கதை வேறு. அந்தப் பாலிசியில் இரு சக்கர வண்டியின் பின் சீட்டுக்காரரும் காரில் பயணம் செய்பவரும் அடங்குவார்கள் என்று ஐ.ஆர்.டி.ஏ. 2009 நவம்பரில் சுற்றறிக்கை அனுப்பியது. 2012-ல் உச்ச நீதிமன்றமும் அதை எடுத்துக்கொண்டது. நாம் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறோம்? பேக்கேஜ் என்றால் டேங்க் நசுங்கினால், இண்டிகேட்டர் உடைந்தால் பணம் வரும், அவ்வளவுதான் என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சரி, விலை என்ன? 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த கட்டணப்படி 75 முதல் 150 சி.சி. வரையான வண்டிக்குத் தேர்டு பார்ட்டி பிரீமியம் வருடத்துக்கு 714 ரூபாய். 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் 843. இது எந்தக் கம்பெனியிலும் ஒன்றுதான். இதற்கு மேல் சொந்தச் சேதத்துக்கான பிரீமியம், வண்டியின் ஐ.டி.வி. மதிப்பைப் பொறுத்தது. இங்கேதான் விஷயம் இருக்கிறது நண்பர்களே! வண்டி மலிவு என்றால் ஐ.டி.வி. குறைவு, ஐ.டி.வி. குறைவு என்றால் இந்தப் பிரீமியமும் குறைவு. என் வண்டிக்கு 18,000 ஐ.டி.வி. வைத்து விசாரித்தபோது கூடுதலாகக் கேட்டது 340 ரூபாய். மலிவு வண்டிக்குப் பேக்கேஜ் வேண்டாம் என்று சொல்வதற்குக் காட்டும் அதே காரணம்தான், மலிவு வண்டிக்குப் பேக்கேஜ் போடுவதற்கும் காரணம். இந்த 340-ஐ மிச்சம் பிடிக்கப் போய்த்தான் அந்த வக்கீல் முன்னால் நின்றேன்.

அதற்காகப் பேக்கேஜில் எல்லாம் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரிக்கு விலையில் பாதியைக் கழித்துவிடுவார்கள். இரும்பு பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பார்த்துக் கழிப்பார்கள். கிளெய்ம் போடாத வருடங்களுக்கு 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை தள்ளுபடி உண்டு. கிளெய்ம் போட்டால் அது போச்சு. என்னுடைய 2,400 ரூபாய் மாதிரிச் செலவுக்கு கிளெய்ம் போடுவது வீண் அலைச்சல். திருட்டுக்கும் வெள்ளத்துக்கும் அது உதவும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் முங்கிப் போன வண்டிகளில், தேர்டு பார்ட்டி மட்டும் வைத்திருந்தவர்களுக்கு அந்தப் பாலிசியில் ஒன்றும் கிடையாது. (மெக்கானிக்கல்காரன் என்ற முறையில் ஒரு வார்த்தை: தண்ணீரில் நின்ற வண்டியை உதைத்து ஸ்டார்ட் பண்ணாதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளையும், அதற்குக் கம்பெனியும் கைவிரிக்கும்.) ஜீரோ டெப்ரிசியேஷன், இன்ஜின் புரொடெக்ஷன் என்று நீட்டுவதெல்லாம் புது வண்டிக்காரர்களுக்கு. நமக்கு வேண்டாம்.

இன்னொரு வேடிக்கையும் பாலிசிப் பேப்பரில் இருந்தது. ஓனர்-டிரைவர் விபத்துக் காப்பீடு, 15 லட்சம். அதற்கும் முந்நூறு சொச்சம் வாங்கியிருந்தார்கள். 15 லட்சம் யாருக்கு? ஓனருக்கு. ஓனர் யார்? அப்பா. அப்பாவுக்கு சைக்கிள் தவிர வேறு வண்டி ஓட்டத் தெரியாது, லைசென்ஸும் கிடையாது! ஓனருக்கு லைசென்ஸ் இல்லையென்றால் அந்தக் காப்பீடு செல்லாது, எடுக்கவும் தேவையில்லை. தினமும் ஓட்டுகிற எனக்கோ அதில் ஒரு பைசா கிடையாது. நம் ஸ்டாண்டில் நிற்கும் வண்டிகளில் பாதிக்கு மேல் அப்பா பெயரிலோ அண்ணன் பெயரிலோதான் இருக்கும். இரவல் வண்டியில் போய் மாட்டு வண்டியில் மோதி இறந்த ஒருவரின் வழக்கில், இரவல் வாங்கி ஓட்டுகிறவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், ஆகவே தப்பு யார் மேல் என்று பார்க்காமல் நஷ்டஈடு தந்த அப்போதைய 163-ஏ பிரிவின் கீழ் அவர் குடும்பம் அந்த வண்டியின் இன்ஷூரன்ஸில் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் தீர்ப்பு சொன்னது. "மாப்ள, சாவி குடுடா, பத்து நிமிஷம்" என்கிறோமே, அந்தப் பத்து நிமிஷம் இப்படிப்பட்டது.

ஆகவே, பதினெட்டு வயதாகி லைசென்ஸ் எடுத்தவர்கள் ஃபார்ம் 29, 30 கொடுத்து ஆர்.சி.யைத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்வது நல்லது. பிறகு 15 லட்சத்துக்கு அர்த்தம் உண்டு. அதுவும் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஆனாலோதான். சாதாரண எலும்பு முறிவுக்கு அதில் கிடையாது. வீட்டில் பெயர் மாற்றச் சம்மதிக்கவில்லை என்றால், பாங்க் கணக்கு வைத்திருக்கும் 18 முதல் 70 வயது வரையானவர்கள் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் சேரலாம். 2015-ல் தொடங்கிய திட்டம். 2022 ஜூனில் பிரீமியத்தை 12-ல் இருந்து வருடத்துக்கு 20 ரூபாய் ஆக்கினார்கள்; விபத்து மரணத்துக்கு 2 லட்சம். கேண்டீனில் ஒரு டீ, ஒரு பஜ்ஜி.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்களுக்கும் ஒன்று. வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியைப் பெயர் மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும். தேர்டு பார்ட்டிப் பகுதி தானாகவே உங்களோடு வரும், சொந்தச் சேதப் பகுதி வராது. விற்பவர்களுக்கு இதைவிட முக்கியம்: ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்கும்வரை, வாங்கியவன் எங்கே மோதினாலும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். 2018-ல் உச்ச நீதிமன்றம் இதையும் சொல்லிவிட்டது.

என் கருத்தை எல்லோருக்கும் திணிக்கவில்லை. பின் சீட்டில் ஒருவரையும் ஏற்றுவதே இல்லை, கல்லூரிக்கும் வீட்டுக்கும் தனியாகத்தான் போகிறேன், வண்டி போனால் போகட்டும் என்பவர்களுக்குத் தேர்டு பார்ட்டியும் தங்கள் பெயரில் ஒரு விபத்துக் காப்பீடும் போதும். அப்படி நம் கல்லூரியில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை! சிம்போசியத்துக்கு, ஹாஸ்டல் மெஸ் வேண்டாம் என்று வெளியே சாப்பிட, பஸ் ஸ்டாண்டில் விட... எல்லாவற்றுக்கும் இரண்டு பேர். சில நாள் மூன்று பேர். (மூன்று பேர் போவதே சட்ட விரோதம். அதற்கு எந்தப் பாலிசியும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.) எல்.எல்.ஆர். மட்டும் வைத்திருப்பவர்கள் லைசென்ஸ் உள்ள பயிற்சியாளர் தவிர யாரையும் பின்னால் ஏற்றவே கூடாது.

தேர்டு பார்ட்டியில் இருந்து பேக்கேஜுக்கு மாற நினைத்தால் போனிலேயே முடிந்துவிடாது. வண்டியைப் பார்த்து, போட்டோ எடுத்துத்தான் தருவார்கள். வண்டி ரொம்பப் பழசு என்றால் சில கம்பெனி மாட்டேன் என்றும் சொல்லும். இன்னொரு இடத்தில் கேட்க வேண்டும். நான் மூன்று இடத்தில் கேட்டேன்.

போன மாதம் என் பாலிசி முடிவதற்குப் பத்து நாள் முன்னால் அதே இன்ஷூரன்ஸ் அண்ணனிடம் போனேன். ஆர்.சி. இப்போது என் பெயரில். "பேக்கேஜ் போடுங்கண்ணே" என்றேன். "இந்த வண்டிக்கா தம்பி?" என்று சிரித்தார். வெளியே வண்டி மேல் சாய்ந்து நின்றிருந்தவனைக் கை காட்டினேன். இன்னும் லேசாக வலது காலைத் தாங்கித்தான் நிற்கிறான். நவம்பரில் விட்ட செமஸ்டரை ஏப்ரலில் எழுதுகிறான். அண்ணன் எட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, ஃபாரத்தை எடுத்தார்.