டாக்டரின் கையெழுத்தும் நோயாளியின் ரகசியமும்

கம்ப்யூட்டரில் எந்த சாஃப்ட்வேரை நிறுவினாலும் முதலில் ஒரு நீளமான ஒப்பந்தம் வந்து நிற்கும். அதை முழுசாகப் படித்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்பது சந்தேகம்தான். கடைசி வரைக்கும் இழுத்து, 'சம்மதம்' என்ற கட்டத்தில் ஒரு டிக். அவ்வளவுதான், வேலை முடிந்தது.

டாக்டர்களும் இதுமாதிரி ஓர் ஒப்பந்தத்துக்குச் சம்மதம் சொல்ல வேண்டிய இடங்கள் உண்டு. ஆனால் அங்கே விஷயம் கொஞ்சம் சீரியஸ்.

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே 'இ-ஹெல்த் சஸ்காச்சுவான்' என்று ஓர் அரசு நிறுவனம் இருக்கிறது. மாகாணத்து நோயாளிகளின் லேப் ரிப்போர்ட், வாங்கிய மருந்துகள், நாள்பட்ட வியாதிகள் போன்ற விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஒரே இடத்தில் பார்க்க அது வழி செய்து வைத்திருக்கிறது. அனுமதி பெற்ற டாக்டர் தன் லாகினில் நுழைந்து பெயரைத் தேடினால் போதும். எங்கோ விபத்தில் அடிபட்டு நினைவில்லாமல் வந்து சேர்ந்தவருக்கு ஏற்கனவே என்னென்ன வியாதி, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பது சில நிமிடத்தில் தெரிந்துவிடும். உயிரைக் காப்பாற்றும் வசதி, சந்தேகமே இல்லை.

சிக்கலும் அதே வசதியில்தான் இருக்கிறது. பழைய காலத்தில் ஒருவரின் கேஸ் ஷீட்டைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த ஆஸ்பத்திரிக்கே போய், ரெக்கார்டு ரூமில் ஆளைப் பிடித்து, காரணம் சொல்லி வாங்க வேண்டும். இப்போது அந்தத் தடை எதுவும் கிடையாது. தன்னிடம் வைத்தியத்துக்கு வரும் நோயாளியின் விவரம் எவ்வளவு சுலபமாகத் திறக்கிறதோ, அடுத்த தெருக்காரரின் விவரமும் அவ்வளவு சுலபமாகத் திறக்கும். நடுவில் நிற்பது ஒரு வாக்குறுதி மட்டும்தான். இந்த மாதிரி ஒப்பந்தங்களின் சாரம் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்கக்கூடாது, தேவை இருந்தால் மட்டுமே பார்க்க வேண்டும், தேவைக்கு மேல் பார்க்கக்கூடாது, யார் எப்போது பார்த்தார் என்பது பதிவாகும்.

இந்த வாக்குறுதி எவ்வளவு தாங்கும் என்பது 2018-ல் தெரிந்தது.

அந்த வருடம் ஏப்ரல் 6-ம் தேதி, 'ஹம்போல்ட் பிராங்கோஸ்' என்ற ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணி ஒரு மேட்சுக்காக நிப்பாவின் ஊருக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தது. வழியில் ஒரு நாற்சந்தியில் லாரியோடு மோதல். பஸ்ஸில் இருந்த 29 பேரில் 16 பேர் இறந்துபோனார்கள். மீதி 13 பேருக்கும் காயம். கனடா முழுவதும் அழுதது. வீட்டு வாசலில் ஹாக்கி மட்டையை வைத்து அஞ்சலி செலுத்தினார்கள்.

விபத்து நடந்த மூன்றாம் நாளே இ-ஹெல்த் ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தது. அந்த அணியினரின் மருத்துவப் பதிவுகளை யார் யார் திறக்கிறார்கள் என்று கவனிக்க ஆரம்பித்தது. ஏப்ரல் 9 முதல் மே 15 வரை பார்த்ததில், எட்டுப் பேர் பத்து நோயாளிகளின் பதிவுகளை உரிய காரணம் இல்லாமல் திறந்திருந்தார்கள். அந்த எட்டுப் பேரில் பெரும்பாலோர் டாக்டர்கள். மாகாணத்தின் தகவல் மற்றும் அந்தரங்க ஆணையர் ரொனால்ட் குருசெனிஸ்கி இதை விசாரித்தார். 2019 பிப்ரவரியில் விவரங்கள் வெளியே வந்தன.

இவர்கள் யாரும் தகவலை விற்றுக் காசு பார்த்ததாக விசாரணையில் வரவில்லை. கிளினிக் ஊழியர் ஒருவர், காதில் விழுந்த செய்தி உண்மைதானா என்று சரிபார்க்கத் திறந்திருக்கிறார். ஹம்போல்ட் ஊரிலேயே இருக்கும் ஒரு டாக்டர் இரண்டு பேருடைய பதிவுகளைப் பார்த்திருக்கிறார். அதில் ஒருவர் விபத்துக்கு முன்னால் அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்.

எல்லாவற்றையும்விட யோசிக்க வைப்பது இன்னும் மூன்று டாக்டர்களின் கதை. நிப்பாவின் ஆஸ்பத்திரியில் அந்த ராத்திரி எமர்ஜென்சி சிகிச்சை கொடுத்தவர்கள் அவர்கள். பின்னால் ஒரு நாள், தாங்கள் பார்த்த பிள்ளைகளின் பதிவுகளை மறுபடி திறந்திருக்கிறார்கள். நோயாளிக்கு வைத்தியம் பார்க்கும் வட்டத்துக்குள் தாங்களும் இருப்பதாக நினைத்தோம் என்பது அவர்கள் தரப்பு.

இதைப் படிக்கும் யாருக்கும் அவர்கள் மேல் கோபம் வராது. ரத்தத்தில் கிடந்த பையனைக் கையில் ஏந்தி, முதலுதவி செய்து அனுப்பிய டாக்டருக்கு அவன் பிழைத்தானா என்று தெரிந்துகொள்ள ஆசை இருக்காதா? அது மனுஷ சுபாவம் இல்லையா?

மனுஷ சுபாவம்தான். ஆனாலும் ஆணையர் சொன்னதே சரி. 'வைத்தியம் பார்க்கும் வட்டம்' என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாது, 'தெரிந்தே ஆக வேண்டிய தேவை' என்ற கணக்குதான் செல்லும் என்றார் அவர். 2003-ல் நடைமுறைக்கு வந்த அந்த மாகாணத்தின் சுகாதாரத் தகவல் பாதுகாப்புச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. வட்டம் என்று சொன்னால் அது நீண்டுகொண்டே போகும். ஒரு முறை தொட்ட நோயாளி ஆயுசுக்கும் அந்த வட்டத்துக்குள் இருப்பார். தேவை என்று சொன்னால் அதற்கு ஒரு முடிவு உண்டு. சிகிச்சை முடிந்து நோயாளி வேறு ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு, அந்தத் தேவையும் கூடவே போய்விடுகிறது. பையன் எப்படி இருக்கிறான் என்று தெரிய வேண்டுமானால் அங்கே இருக்கும் டாக்டருக்கோ குடும்பத்துக்கோ ஒரு போன் போட்டுக் கேட்கலாம். சொல்வதா வேண்டாமா என்பதை அப்போது இன்னொருவர் முடிவு செய்கிறார். பதிவைத் திறப்பதில் அந்த இன்னொருவரே கிடையாது.

சரி, கையெழுத்துப் போட்ட பிறகும் இது ஏன் நடக்கிறது?

பி.காம். படிக்கிறவர்களுக்கு வணிகச் சட்டப் பாடத்தில் வரும் ஒரு விஷயம் இங்கே உதவும். ஒரு ஒப்பந்தத்தில் சம்பந்தப்பட்ட தரப்புகளுக்கு மட்டும்தான் அதை வைத்து உரிமை கேட்க முடியும் என்பது பொது விதி. மூன்றாம் ஆளுக்கு, சில விலக்குகள் தவிர, அதில் இடமில்லை. டாக்டர்களின் ஒப்பந்தத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் டாக்டர், இன்னொரு பக்கம் பதிவுகளை நடத்தும் நிறுவனம். யாருடைய ரத்தம், யாருடைய வியாதி, யாருடைய ரகசியம் என்று பார்த்தால் அது நோயாளியுடையது. அவர்தான் அதில் மூன்றாம் ஆள்! சட்டம் அவருக்குத் தனியாகப் பாதுகாப்பு தருகிறது என்பது உண்மை. ஆனால் மீறல் நடந்தது என்று தெரிந்தால்தானே சட்டத்தைத் தேடிப் போக முடியும்?

பிராங்கோஸ் விஷயம் வெளியே வந்ததற்குக் காரணம் அது நாடே பார்த்த விபத்து என்பதுதான். அதனால்தான் தனியாக உட்கார்ந்து கவனித்தார்கள். அதே ஏப்ரலில் வேறு ஏதோ ஒரு ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்த ஒரு சாதாரண ஆளின் பதிவை யார் யார் திறந்தார்கள் என்று இப்படிக் காவல் இருந்து பார்த்திருப்பார்களா?

இதற்குப் பதிலாகச் சிலர் கேட்பது: "ரொம்பக் கெடுபிடி செய்தால் டாக்டர்கள் பயந்துபோய், பார்க்க வேண்டிய நேரத்திலும் பார்க்காமல் விட்டுவிட்டால்?" நியாயமான கேள்வி. எமர்ஜென்சியில் கதவைப் பூட்டி வைக்க முடியாது. பூட்டவும் வேண்டாம். யார் வந்து போனார் என்பதை வீட்டுக்காரருக்குச் சொன்னால் போதும்.

பேங்க் கணக்கில் நூறு ரூபாய் எடுத்தாலும் உடனே மொபைலுக்கு எஸ்.எம்.எஸ். வருகிறது. அதனால் யாரும் பணம் எடுக்கப் பயப்படவில்லை. திருடுகிறவன் மட்டும்தான் யோசிக்கிறான். மருத்துவப் பதிவுக்கு அதையே செய்தால் என்ன?

இது கனவு இல்லை. எஸ்டோனியாவில் நோயாளி தன் பதிவை யார் பார்த்தார் என்று இணையத்தில் தானே பார்த்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவின் 'மை ஹெல்த் ரெக்கார்ட்' திட்டத்திலும் அந்த வசதி இருக்கிறது. ஒரு ஆஸ்பத்திரியோ கிளினிக்கோ முதல் முறையாகத் திறக்கும்போது எஸ்.எம்.எஸ். அல்லது மின்னஞ்சல் வரும்படியும் வைத்துக்கொள்ளலாம். ஒரே குறை, அங்கே நிறுவனத்தின் பெயர்தான் தெரியும், திறந்த டாக்டரின் பெயர் தெரியாது.

விதியை மீறிய டாக்டர்களை அடுத்த மூன்று வருடம் மாதாமாதம் தணிக்கை செய்ய வேண்டும் என்று ஆணையர் பரிந்துரைத்தார். நல்லதுதான். ஆனால் ஆடிட்டிங் படித்தவர்களுக்குத் தெரியும், பிடிபட்டவர்களை மட்டும் தணிக்கை செய்தால் பிடிபடாதவர்கள் சந்தோஷமாக இருப்பார்கள். தணிக்கை எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். அதைச் செய்ய நோயாளியைவிட அக்கறையான ஆடிட்டர் கிடைக்க மாட்டார், சம்பளமும் கேட்க மாட்டார்.

அதனால் டாக்டர்களின் ஒப்பந்தத்தில் இன்னும் ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும்: 'நான் எப்போது பார்த்தேன், எதற்குப் பார்த்தேன் என்பது என் பெயரோடு நோயாளிக்குத் தெரிவிக்கப்படும்.' நேர்மையான டாக்டருக்கு இந்த வரியால் ஒரு நஷ்டமும் இல்லை. நிப்பாவின் டாக்டர்கள்கூட இந்த வரி இருந்திருந்தால் போனை எடுத்து, "அந்தப் பையன் எப்படி இருக்கிறான்?" என்று கேட்டிருப்பார்கள். அந்தக் குடும்பமும் சந்தோஷமாகப் பதில் சொல்லியிருக்கும்.