படுக்கையில் மாமியார்! பார்ப்பது யார்?

வீரசோழன் பக்கம் வானம் பார்த்த பூமி. மழை ஏமாற்றினால் ஆண்கள் வெளியூர் போவார்கள். திருப்பூர், சென்னை, வளைகுடா என்று போன மகன் பணம் அனுப்புவான். ஊரில் தாயார் பக்கவாதத்தில் விழுந்துவிட்டால், கூட இருந்து பார்ப்பது யார்?

மருமகள்தான்!

வீடு தேடி மருந்து

"மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டத்தை 2021 ஆகஸ்டு 5-ந்தேதி தமிழ்நாடு சர்க்கார் தொடங்கியது. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடக்க விழா நடந்தது. சுயஉதவிக் குழுப் பெண்கள் வீடு வீடாகப் போய், சர்க்கரை வியாதிக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை கொடுத்தார்கள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்க்க நர்சு வந்தார். கை, கால் விழுந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் ஆள் வந்தது. காசு கிடையாது. 2024-ல் இந்தத் திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் சபையின் விருது கிடைத்தது.

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு நோயாளியைத் தூக்கிக்கொண்டு போய் வந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நர்சு போன பிறகு?

வந்த நர்சு கொஞ்ச நேரத்தில் போய்விடுவார். மீதி நேரம்?

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கவேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். கஞ்சி ஊட்டவேண்டும். துணி அலசவேண்டும். (தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊரில் அது எவ்வளவு பாடு!) இதற்கு நடுவே மருமகள் கூலி வேலைக்குப் போவது எப்படி? போகாவிட்டால் அன்றைய கூலி போச்சு.

சட்டத்தில் மருமகள் இல்லை

பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. பிள்ளைகள் கைவிட்டால் பெற்றோர் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். மாதம் 10 ஆயிரம் ரூபாய் வரை கொடுக்கும்படி அவர் உத்தரவு போடலாம். பிள்ளைகள் என்று அந்தச் சட்டம் சொல்வது மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோரை. மருமகளை அல்ல!

வீட்டிலோ பாரம் முழுவதும் அவள் தலையில். பணம் அனுப்பியதோடு கடமை தீர்ந்தது என்று மகன் நினைக்கிறான். பக்கத்து ஊரில் இருக்கும் மகளோ, "அண்ணி பார்த்துக்குவாங்க" என்கிறாள். மாதத்தில் ஒரு வாரம் அவள் வந்து பார்த்தால் என்ன?

ஜப்பானில் எப்படி?

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் அல்ல. ஜப்பானில் இதற்காகவே 2000-ல் ஒரு இன்சூரன்சு திட்டம் வந்தது. 40 வயது ஆனவர்கள் சந்தா கட்டுகிறார்கள். தள்ளாத வயதில் குளிப்பாட்டவும் சோறு ஊட்டவும் வீட்டுக்கே ஆள் வருகிறது. செலவில் ஒரு சிறு பங்கைக் கொடுத்தால் போதும்.

நம் கூலிக்காரர்கள் சந்தாவுக்கு எங்கே போவார்கள்? சர்க்கார் பணத்தில்தான் செய்யவேண்டும். பகலில் நாலு மணி நேரம் நோயாளிக்குத் துணையாக இருக்க, உள்ளூர்ப் பெண் ஒருவரைச் சம்பளம் கொடுத்து அனுப்பலாம். மருமகளும் வேலைக்குப் போவாள். அந்தப் பெண்ணுக்கும் பிழைப்பு கிடைக்கும்.

கிராம சபையில் இதைக் கேட்கலாம். மருமகளால் அங்கே வர முடியாது. லீவில் ஊருக்கு வரும் மகன் மனுவை எடுத்துப் போகட்டும்.