மலைப் பிள்ளைகளும் மருத்துவச் சர்ட்டிபிகேட்டும்

கொல்லி மலையிலே பன்னிரண்டாவது வகுப்புத் தேறிய பிள்ளை ஒன்று வீட்டில் இருக்கிறது என்றால், அந்த வீட்டுப் பெற்றோருக்கு இந்தக் காலத்தில் ஏற்படும் முதல் கவலை அப்பிள்ளையை மேற்கொண்டு என்ன செய்வது என்பதேயாகும். அக்கவலையை அறிந்தவர்கள் அடிவாரத்தில் காத்திருக்கிறார்கள். "ஒரே வருஷத்தில் மருத்துவ உதவியாளர் சர்ட்டிபிகேட், வேலை நிச்சயம்" என்று சொல்லும் நோட்டீசுகள் காரவள்ளியிலிருந்து 70 வளைவும் ஏறி மேலே வந்துவிடுகின்றன. பெற்றோர்களும் மிளகு விற்ற பணத்தையும், தோட்டைக் கழற்றி அடகு வைத்த பணத்தையும் முடிந்துகொண்டு கீழே இறங்குகிறார்கள். படிக்க வேண்டும் என்று அவர்கள் நினைப்பதை நாம் பாராட்டுகிறோம். ஆனால் எந்தப் படிப்பு, என்ன செலவு, என்ன வரும்படி என்று கேளாமல் இறங்குவதைக் கண்டிக்காமல் இருக்க நம்மால் முடியவில்லை.

மருத்துவ வேலை மலைக்கு அவசியமில்லை என்று யாரும் சொல்லமுடியாது. 1913-ஆம் வருஷத்தில் ஜெஸ்ஸி பிராண்டு என்ற வெள்ளைக்காரப் பாதிரியும் அவர் மனைவி ஈவ்லினும் இம்மலையில் வந்து குடியேறினார்கள். அவர்கள் வந்தது தங்கள் மதத்தைப் பரப்ப; அந்த வேலையில் நமக்கு எள்ளளவும் சம்பந்தமில்லை. ஆனால் அந்த மனிதர் பட்டம் பெற்ற டாக்டர் அல்ல. குறுகிய காலம் மருத்துவம் பழகிவிட்டு வந்து, பல் பிடுங்கினார், கட்டி கீறினார், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார். அவரே 1929-இல் மலைக் காய்ச்சலின் கொடிய வகையால் இறந்தார். 1914-இல் பிறந்த அவருடைய மகன் பால் பிராண்டு முறையாகப் படித்து டாக்டராகி, 1946-இல் வேலூருக்கு வந்து, குஷ்டரோகிகளின் மடங்கிப்போன விரல்களை ரண சிகிச்சையால் நிமிர்த்தி உலகப் பேர் எடுத்தார். தகப்பனிடம் இருந்தது கைப்பழக்கம். மகன் அதற்குமேல் கல்வியையும் சேர்த்துக்கொண்டார். இரண்டுமே ஜனங்களுக்குப் பயன்பட்டன. கைப்பழக்கமும் இல்லாமல், கல்வியும் இல்லாமல், முத்திரை குத்திய வெறுங் காகிதம் மாத்திரம் இருந்தால் அது யாருக்குப் பயன்படும் என்பதுதான் நம் கேள்வி.

இனி கணக்கைப் பார்ப்போம். கீழ்க்கண்ட தொகைகள் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டவை. அவரவர் தங்களிடம் கேட்கப்பட்ட தொகையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடச் சம்பளம் 40,000 ரூபாய். கீழே தங்கிச் சாப்பிட மாதம் 4,000 வீதம் வருஷத்திற்கு 48,000. சீருடை, புத்தகம், பரீட்சைக் கட்டணம், பஸ் செலவு எல்லாம் 12,000. ஆக ஒரு லட்சம். இதோடு முடிந்ததா? அப்பிள்ளை மலையில் இருந்து நாளொன்றுக்கு 300 ரூபாய் கூலிக்கு 200 நாள் வேலை செய்திருந்தால் 60,000 ரூபாய் வந்திருக்கும். அதுவும் நஷ்டமே. கையை விட்டுப் போனதையும் கைக்கு வராமல் நின்றதையும் கூட்டினால் 1,60,000 ரூபாய்.

வரும்படி என்ன? சிறு ஆஸ்பத்திரி ஒன்றில் மாதம் 8,000 கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். அறை வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் 5,000. மீதி 3,000. ஒரு லட்சமும் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கிய கடன் என்றால், முதல் மாதத்தில் வட்டிக்கு மாத்திரம் 2,000 போகும். அசலில் 1,000தான் கழியும். மீதியாகும் 3,000-ஐயும் ஒரு காசு விடாமல் கட்டிவந்தால் கடன் தீர 56 மாதம் பிடிக்கும். அதாவது 4 வருஷம் 8 மாதம். அதற்குள் கட்டிய தொகை 1,66,000-க்கு மேல். நடுவில் ஒரு காய்ச்சல், ஒரு கலியாணம், ஒரு சாவு வந்தால் கணக்கு இன்னும் நீளும். வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு, வட்டிக்காரருக்கு உழைக்கும் கூலியாளாக இருப்பதற்கா ஒரு வருஷம் படிப்பது?

நிற்க, அங்கீகாரம் பெற்ற படிப்பின் கணக்கு வேறு. நர்சுகளையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்ய இம்மாகாணத்தில் 1926-ஆம் வருஷத்திலேயே சட்டம் ஏற்பட்டது. அச்சட்டத்தின் வழியாக ஏற்பட்ட கவுன்சிலில் பெயர் பதிவதற்குரிய படிப்பு என்றும், அப்படிப் பதியமுடியாத படிப்பு என்றும் இரண்டு வகை உண்டு. துணை நர்ஸ் மருத்துவச்சிப் படிப்பு இரண்டு வருஷம். அது முதல் வகை. 2023-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் கிராம சுகாதார நர்ஸ் வேலைக்கு 2,250 இடங்களுக்கு விளம்பரம் செய்தபோது, சம்பளம் 19,500 ரூபாயில் தொடங்குவதாய் இருந்தது. விண்ணப்பம் போட அப்படிப்பும் பதிவும் வேண்டும். மேலே சொன்ன அதே லட்ச ரூபாய்க் கடனை, அதே வட்டியோடு, இந்தச் சம்பளத்தில் 5,000 செலவு போக மீதியைக் கொண்டு கட்டினால் 8 மாதத்தில் தீர்ந்துபோகும். படிப்பு ஒரு வருஷம் அதிகம்தான். ஆனால் 56 மாதம் எங்கே, 8 மாதம் எங்கே?

அப்படிப் படித்தவர்கள் எல்லோருக்கும் சர்க்கார் வேலை கிடைத்துவிடும் என்று நாம் சொல்லவரவில்லை. சர்க்கார் ஸ்தலத்தில் இடம் கிடைப்பதும் சுலபமல்ல. ஆனால் பதிவு பெற்றவர் போட்டியில் நிற்கலாம். பதிவில்லாதவர் வாசற்படிக்கே போகமுடியாது. இதுவே வித்தியாசம். ஆண் பிள்ளைகளுக்கும் இதுவே விதி. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே முதலிய வேலைகளுக்கும் 2021-இல் மத்திய சர்க்கார் தனிச் சட்டம் செய்திருப்பதால், அங்கீகாரமில்லாத காகிதத்திற்கு இனி மதிப்பு குறையுமே ஒழிய ஏறாது. அன்றியும், சர்க்கார் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்க 2022-இல் ஏற்பட்ட புதுமைப் பெண் திட்டமும், பழங்குடிப் பிள்ளைகளுக்குரிய உபகாரச் சம்பளமும் அங்கீகாரமுள்ள படிப்பைத்தான் பொருட்படுத்தும். ஒரு படிப்புக்கு அந்த உதவி கிடையாது என்று பள்ளிக்கூடத்தாரே சொன்னால், அதைவிட வேறு என்ன எச்சரிக்கை வேண்டும்?

"சர்க்காரில் பதிவு செய்த ஸ்தாபனம்" என்று நோட்டீசில் போட்டிருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். சங்கமாகவோ, டிரஸ்டாகவோ, கம்பெனியாகவோ எவர் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம். பஜனை மடமும் பதிவு செய்யப்படுகிறது. சீட்டுக் கம்பெனியும் பதிவு செய்யப்படுகிறது. ஸ்தாபனம் பதிவு பெற்றது என்பதனாலேயே படிப்பு அங்கீகாரம் பெற்றதாகிவிடாது. பூசாரி கட்டிவிடும் தாயத்துக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கக்கூடாது என்று நம் ஜனங்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். பொன் முத்திரை போட்ட சர்ட்டிபிகேட்டையும் அதே பக்தியோடு சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். தாயத்தைப் பிரித்துப் பார் என்று சொல்லும் நாம், இதையும் பிரித்துப் பார் என்றே சொல்லுவோம்.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது? பணம் கட்டுமுன் நான்கு கேள்வி கேட்கவேண்டும். முதலாவது, படித்து முடித்தால் எந்தக் கவுன்சிலில் பெயர் பதியலாம்? இரண்டாவது, எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை மாதம், யார் மேற்பார்வையில் பழக்கம்? "பழக்கம்" என்ற பேரில் படுக்கை விரிக்கவும் ரசீது எழுதவும் சம்பளமில்லாத ஆளாக வைத்துக்கொண்டு, அதற்கு நம்மிடமே பணமும் வாங்குவதுண்டு. மூன்றாவது, மொத்தச் செலவு எவ்வளவு? அதை எழுத்தில் வாங்கவேண்டும். கட்டிய பணத்திற்கெல்லாம் ரசீது வாங்கவேண்டும். அசல் மார்க்குப் பத்திரத்தை யாரிடமும் விட்டுவிட்டு வரக்கூடாது. நான்காவது, சென்ற வருஷம் படித்து முடித்தவர்களில் பத்துப் பேர் எங்கே, என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள்? அவர்களில் இரண்டொருவரையாவது நேரில் பார்த்துக் கேட்கவேண்டும். பசு மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், கறந்து காட்டச் சொல்லுகிறோம். பெற்ற பெண்ணின் வாழ்நாளை விலைபேசும் இடத்தில் மாத்திரம் வாய் அடைத்து நிற்பானேன்?

இதில் பணத்தைவிடப் பெரிய ஆபத்தும் ஒன்று உண்டு. அரைகுறையாகப் பழகி ஊருக்குத் திரும்பியவர், கடன் நெருக்கடியினால் வீட்டிலேயே ஊசி போட ஆரம்பித்தால், மந்திரவாதியிடம் தப்பித்த நோயாளி இவரிடம் மாட்டிக்கொள்வார். மந்திரவாதியின் கையில் இருப்பது வேப்பிலை. இவர் கையில் இருப்பதோ ஊசி.

சர்க்காருக்கும் ஒன்று சொல்லுவோம். நாமக்கல்லில் 2022 ஜனவரியில் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மலையடிவாரத்து ஜில்லாவில் அவ்வளவு பெரிய ஸ்தாபனம் இருக்கும்போது, மலைப் பிள்ளைகள் ஒரு வருஷக் காகிதத்திற்காக வட்டிக்குப் பணம் வாங்குவது யாருக்குப் பெருமை? சிறு படிப்புகளில் மலைவாசிப் பிள்ளைகளுக்கு இடமும் விடுதியும் ஒதுக்கி, தேறியவர்களை அவர்கள் ஊர்ச் சுகாதார நிலையங்களிலேயே வேலைக்கு வைத்தால், நோயாளியின் பேச்சும் வழியும் தெரிந்தவர் கையில் வைத்தியம் இருக்கும். இது தர்மமல்ல, ஜனங்களின் வரிப்பணத்திற்குச் செய்யவேண்டிய கடமையாகும்.

ஆகவே கொல்லி மலைத் தோழர்களுக்கு நாம் சொல்லுவதெல்லாம் இதுதான். பிள்ளைகளை, முக்கியமாய்ப் பெண்களை, படிக்க வையுங்கள். மருத்துவ வேலைக்கே அனுப்புங்கள். ஆனால் அடகுக் கடைக்குப் போவதற்கு முன் ஒரு காகிதத்தில் இந்தப் பக்கம் செலவையும் அந்தப் பக்கம் வரும்படியையும் எழுதி, அந்தப் பிள்ளையையே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பன்னிரண்டு வருஷம் படித்த படிப்புக்கு அதுவே முதல் உபயோகமாக இருக்கட்டும்.